மாப்பிள்ளை வீட்டுப் பழுபாகல்

மீன்சுருட்டியில் ஒரு நண்பர் வேலியைப் பிரித்துச் சுற்றுச்சுவர் எடுத்தபோது, மண்ணுக்குள்ளிருந்து இரண்டு பழுபாகல் கிழங்குகள் கிடைத்தன. அவற்றைத் தங்கசாமி ஒரு மஞ்சள் பையில் போட்டு அரியலூருக்குக் கொண்டுவந்தார். ஒன்று தன் மனைவி அம்மாக்கண்ணுவுக்கு. இன்னொன்று பெரம்பலூரில் இருக்கும் மச்சினன் கலைச்செல்வனுக்கு. நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனால் அந்தக் கிழங்குகளால் அம்மாக்கண்ணுவும் அவள் தம்பி மனைவி வெற்றிச்செல்வியும் ஆனி மாதம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை.

பழுபாகல் பாகற்காய்க்குச் சொந்தம். ஆனால் அவ்வளவாகக் கசக்காது. எலுமிச்சை அளவில் உருண்டையாக, மேலெல்லாம் மெத்தென்ற முள்ளோடு இருக்கும். வதக்கிப் புளிக்குழம்பு வைத்தால் மறுநாளும் சட்டியை வழித்துச் சாப்பிடலாம். மழைக்காலத்தில் வேலியோரம் தானாகக் கொடி ஓடும் காய் என்பதால் கடையில் எப்போதாவதுதான் வரும். அதனால்தான் இரண்டு பெண்களுக்கும் அதன்மேல் அவ்வளவு ஆசை.

வெற்றிச்செல்வி பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். துறைமங்கலத்தில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். மண் தரை இல்லாத அந்த வீட்டில் அவள் செடி வைக்காத இடமே இல்லை. ஹாலில் டிவியைச் சுற்றி மணி பிளான்ட் ஓடியது. பாத்ரூம் ஜன்னலில் பெரணி தொங்கியது. வெயில் படாத மூலையில் ஸ்நேக் பிளான்ட் நிமிர்ந்து நின்றது. மொட்டை மாடியில் கத்தரி, தக்காளி, மல்லி எல்லாம் பெயின்ட் டப்பாவிலும் ஓட்டை பக்கெட்டிலும் வளர்ந்தன. கலைச்செல்வன் ஒருநாள் தன் பழைய ஹெல்மெட்டைத் தேடியபோது அதில் புதினா முளைத்திருந்தது.

பழுபாகலுக்கு மட்டும் அவள் பெரிய குரோபேக் பை வாங்கினாள். பந்தல் போட்டாள். கொடி மளமளவென்று ஏறியது. சின்னச் சின்ன முள் உருண்டைகள் தோன்றி, அவற்றின் நுனியில் மஞ்சள் பூ விரிந்தது. பிஞ்சு பிடித்துவிட்டது என்று அவள் பூரித்துப்போனாள். இரண்டு நாள் கழித்து அத்தனையும் வெளுத்துச் சுருங்கிக் கீழே விழுந்தன.

அடுத்து வந்த பிஞ்சுகளும் அப்படியே விழுந்தன. புளித்த மோரில் தேங்காய்ப்பால் கலந்து தெளித்தாள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள். கீழ் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடியைப் பார்த்ததுதான் மிச்சம்.

கடைசியில் அரியலூருக்கு ஃபோன் செய்தாள்.

"அண்ணி, ஒங்க பழுபாவக் கொடி எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, தங்கமா இருக்கு. பூத்துக் கொட்டுது," என்றாள் அம்மாக்கண்ணு.

அவள் சொன்னதில் பொய் இல்லை. கொடி பூத்துத்தான் கொட்டியது. ஒரு பிஞ்சுகூட வைக்கவில்லை என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. தோற்றுப்போனதைத் தம்பி பெண்டாட்டியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வெற்றிச்செல்வி ஃபோனை வைத்துவிட்டுக் கணவனிடம் வந்தாள்.

"நல்ல கிழங்கா பார்த்து அண்ணி எடுத்துகிட்டாங்க. சொத்தையை நமக்கு அனுப்பிட்டாங்க."

"ஏன் அப்படி நெனைக்கற? மாமாதானே பையோட கொண்டாந்து குடுத்தாரு," என்றான் கலைச்செல்வன்.

"பை அவங்க வூட்டுக்குத்தானே மொதல்ல போச்சு?"

கலைச்செல்வன் தலையாட்டினான். அவன் அரியலூர்–பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்கச் சில்லறைக்கும் சீட்டுக்கும் நடக்கும் சண்டைகளைத் தீர்த்துவைத்துவிட்டு வருபவன். வீட்டில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவது என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தான்.

வினை வேறு வழியில் வந்தது. மறுநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்த அக்கா, "ஒன் வூட்டுக் கொடி எப்படிடா?" என்று கேட்டாள்.

"பிஞ்சு பிஞ்சா வச்சிருக்குக்கா."

அதுவும் பொய் இல்லை. பிஞ்சு உதிர்வதை அவன் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். அம்மாக்கண்ணு வீட்டுக்குப் போய்த் தன் கொடியை மேலும் கீழும் பார்த்தாள். நூறு பூ. ஒரு பிஞ்சு இல்லை. தம்பி வீட்டில் மட்டும் பிஞ்சு பிஞ்சாக. கணவனைக் கூப்பிட்டாள்.

"நல்ல கிழங்கைத் தூக்கி ஒங்க மச்சினன் வூட்டுக்குக் குடுத்திட்டீங்க. அப்படித்தானே?"

தங்கசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு கிழங்கும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன என்று சொல்லிப் பார்த்தார். அவருக்கு அன்று இரவு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

அதன்பிறகு பெரம்பலூர் ஃபோன் அரியலூருக்குப் போகவில்லை. அரியலூர் ஃபோன் பெரம்பலூருக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பில் தினமும் வரும் காலை வணக்கம்கூட நின்றுபோனது.

ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கண்ணுவின் மகள் சுகன்யாவுக்கு அஞ்சலகத்தில் வேலை கிடைத்ததற்காக வீட்டில் கறிவிருந்து வைத்தார்கள். சுகன்யாவே ஃபோன் பண்ணி அழைத்ததால் வெற்றிச்செல்வியால் போகாமல் இருக்க முடியவில்லை. போனாள். "வாம்மா" என்று அம்மாக்கண்ணு சொல்லவில்லை. "எப்படி இருக்கீங்க அண்ணி" என்று இவளும் கேட்கவில்லை. இலையில் எல்லாம் வந்தது. பழுபாகல் மட்டும் வரவில்லை.

ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று வெற்றிச்செல்வி முடிவுகட்டினாள். சாப்பிட்டுக் கை கழுவும் சாக்கில் கொல்லைப் பக்கம் போனாள்.

கொல்லையில் முருங்கைக்கும் துணிக்கொடிக் கம்பிக்கும் நடுவே பழுபாகல் பச்சைத் திரை மாதிரி படர்ந்திருந்தது. பூ சாயங்காலம்தான் விரியும். அந்த மத்தியான வேளையில் எல்லாம் மொட்டாக இருந்தன. வெற்றிச்செல்வி இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கீழே குனிந்தாள். அடிப்பக்கம் தலையை நுழைத்துப் பார்த்தாள். ஒரு காய் இல்லை. பறித்த காம்பின் அடையாளமும் இல்லை.

"தேடுறது கெடைச்சுதா?"

பின்னால் அம்மாக்கண்ணு இடுப்பில் கைவைத்து நின்றாள். வெற்றிச்செல்வியின் தலையில் ஒரு காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"காயைக் காணோமேன்னு பார்த்தேன் அண்ணி."

"காய்ச்சாத்தானே இருக்கும். நல்லதையெல்லாம் ஒன் வூட்டுக்கு அனுப்பிட்டாங்களே."

"எங்க வூட்டுக்கா? எங்கள்துல வர்ற பிஞ்செல்லாம் உதிர்ந்து போவுது. ஒண்ணுகூட நான் வாயில வைக்கல."

அம்மாக்கண்ணுவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "பிஞ்சு வச்சிருக்குன்னு கலை சொன்னானே?"

"வைக்குது. உதிருது. பூத்துக் கொட்டுதுன்னு நீங்க சொன்னீங்களே?"

"பூக்குது. கொட்டுது. அவ்வளவுதான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெற்றிச்செல்வி ஃபோனை எடுத்துத் தன் கொடியின் படத்தைக் காட்டினாள். அதில் ஒவ்வொரு பூவுக்கும் அடியில் குட்டி முள் உருண்டை இருந்தது. அம்மாக்கண்ணு ஒரு மொட்டைக் கிள்ளிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நீளக் காம்பு. அடியில் எதுவும் இல்லை, வழவழவென்று இருந்தது.

ஐஸ்கிரீம் கொடுக்க வந்த சுகன்யா இருவரும் ஒன்றாக நிற்பதைக் கண்டு முதலில் பயந்தாள். விஷயம் தெரிந்ததும் ஃபோனில் தேடிப் பார்த்தாள். படித்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, பழுபாவல்ல ஆண் கொடி தனி, பெண் கொடி தனியாம். அத்தையோடது பொண்ணு."

"அப்ப நம்மள்து?"

"ஆம்பளை."

அம்மாக்கண்ணு கொடியை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை நாளா இதுக்கா சாணி கரைச்சு ஊத்துனேன்? சாயங்காலமே அருவாளை எடுக்கறேன்."

"ஐயோ அண்ணி, அறுத்துடாதீங்க," என்று வெற்றிச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பூவோட மகரந்தம் பட்டாத்தான் எங்கள்து காய்க்கும். பக்கத்துல ஆண் கொடி இல்லாமத்தான் எல்லாம் உதிருது."

அம்மாக்கண்ணு நிமிர்ந்தாள். பிடித்த கையைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு களை வந்தது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"அப்படின்னா நாங்க மாப்பிள்ளை வூடு," என்றாள். "பொண்ணு வூட்டுக்காரங்க கொல்லைப்பக்கமா வந்து பேசக்கூடாது. உள்ள வா, உக்காந்து பேசலாம்."

உள்ளே உட்கார்ந்து பேசி முடித்தார்கள். தினமும் மாலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து பூ அனுப்பப்படும். காய்ப்பதில் பாதி அரியலூருக்கு வர வேண்டும். முதல் காய் மாப்பிள்ளை வீட்டுக்கே. தங்கசாமி சாட்சி. பூவைக் கொண்டுபோவது யார் என்ற கேள்வி எழுந்தபோது எல்லோரும் கலைச்செல்வனைப் பார்த்தார்கள். அவன் தலையாட்டினான்.

அவனுடைய சாயங்கால ட்ரிப் அரியலூரில் கிளம்பிப் பொழுது சாயும்போது பெரம்பலூர் வந்து சேரும். விரியத் தயாரான மொட்டுகளைப் பறித்து அம்மாக்கண்ணு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கொடுப்பாள். முதல் நாள் அவன் மொட்டுகளைத் தோல் பைக்குள் சில்லறையோடு போட்டுக்கொண்டான். பெரம்பலூரில் எடுத்தபோது அவை துவையலாகியிருந்தன. அன்று வீட்டில் அவனுக்கு நடந்த மரியாதையை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஈரத்துணி விரித்த டிபன் பாக்ஸ் வந்தது. அதை டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மேல் வைத்தால் சூடு. ஜன்னலில் வைத்தால் காற்று. கடைசியில், தினமும் அந்த பஸ்ஸில் பெரம்பலூர் திரும்பும் அனுசுயா டீச்சர் மடியில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். பாதி வழியில் மூடியைத் திறந்து பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. உள்ளே மொட்டு மெதுவாக இதழ் விரிக்கும். பின் சீட்டுக்காரர்கள் எட்டிப்பார்ப்பார்கள். சில நாளில் பஸ் முழுக்க விஷயம் பரவிவிட்டது.

"கண்டக்டர், மாப்பிள்ளை வந்திருக்காரா?" என்று ஏறும்போதே கேட்பார்கள்.

"டீச்சர் மடியில உக்காந்திருக்காரு" என்று யாராவது பதில் சொல்வார்கள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

துறைமங்கலம் நிறுத்தத்தில் வெற்றிச்செல்வி காத்திருப்பாள். பாக்ஸை வாங்கிக்கொண்டு மாடிப்படிகளில் ஓடுவாள். இருட்டுவதற்குள் ஆண் பூவின் இதழ்களை நீக்கி, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுவாள். கைக்குழந்தையின் விரலில் ரத்தம் எடுக்கும்போது இருக்கும் அதே பொறுமை. தடவிய பூவுக்கு ஒரு சிவப்பு நூல் கட்டிவைப்பாள்.

சிவப்பு நூல் கட்டியது எதுவும் உதிரவில்லை. உருண்டைகள் பருத்தன. முட்கள் எழும்பி நின்றன. வெற்றிச்செல்வி அரியலூருக்குப் படம் அனுப்பினாள். "எங்க பக்கத்து ஜாடை" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே, ஒரு மாதத்துக்கு மேலாக வராத காலை வணக்கம் இரண்டு ரோஜாவோடு வந்து விழுந்தது.

எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது கலைச்செல்வனுக்கு ரூட் மாற்றினார்கள். இனி அவன் பஸ் ஜெயங்கொண்டம், வரதராஜன்பேட்டை பக்கம் போகும். கொடியிலோ அப்போதுதான் பூ திரண்டு வந்துகொண்டிருந்தது.

"டீச்சர்கிட்ட குடுத்தனுப்புங்க அண்ணி. அவங்க ரொம்ப பொறுப்பு," என்றாள் வெற்றிச்செல்வி.

"மாப்பிள்ளையை வேத்து மனுசங்களோட தனியா அனுப்புறதா?" என்று கேட்டுவிட்டு அம்மாக்கண்ணு ஃபோனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை வெற்றிச்செல்வி நம்பிக்கை இல்லாமல்தான் நிறுத்தத்துக்குப் போனாள். பஸ்ஸிலிருந்து முதலில் ஒரு டிபன் பாக்ஸ் இறங்கியது. அதைப் பிடித்தபடி அம்மாக்கண்ணு இறங்கினாள். பின்னால் ஜன்னலிலிருந்து அனுசுயா டீச்சர் கையசைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாத்தனார் அந்த வீட்டுக்கு வந்தது பால் காய்ச்சிய அன்று மட்டும்தான். மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கும் என்பதுதான் அவள் எப்போதும் சொல்லும் காரணம். இப்போது பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஒவ்வொரு படியாக ஏறினாள்.

ஹாலுக்குள் வந்தவள் சுற்றிலும் பார்த்தாள்.

"இது என்ன, டிவிக்கு மாலை போட்டிருக்க?"

"மணி பிளான்ட் அண்ணி."

"காய்க்குமா?"

"காய்க்காது."

"இது?" என்று ஸ்நேக் பிளான்டைக் காட்டினாள்.

"அதுவும் சும்மா அழகுக்குத்தான். காத்தைச் சுத்தம் பண்ணும்னு சொல்றாங்க."

"காய்க்கறது வெயில்ல நிக்குது. காய்க்காதது ஃபேன் காத்துல உக்காந்திருக்கு. நல்ல வூடுதான்," என்றாள் அம்மாக்கண்ணு. ஆனால் போகிற போக்கில் மணி பிளான்டின் ஒரு இலையில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். அதை வெற்றிச்செல்வி பார்த்தாள். பார்க்காதது போல முன்னால் நடந்தாள்.

மாடியில் மேற்கே வானம் சிவந்திருந்தது. மகரந்தத்தைத் தானேதான் தடவுவேன் என்று அம்மாக்கண்ணு பிடிவாதம் பிடித்தாள். கண்ணாடியை அரியலூரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். முதல் தடவை மகரந்தம் இலையில் பட்டது. அடுத்தது வெற்றிச்செல்வியின் மூக்கில் பட்டது.

"கையைக் குடுங்க அண்ணி," என்று அவள் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளும் சேர்ந்து பூவைத் தொட்டன. "இப்படி மெல்ல. ஆங், அவ்வளவுதான்."

"பட்டுச்சா?"

"பட்டுச்சு."

அம்மாக்கண்ணு கையிலிருந்த ஆண் பூவைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "காய்க்கலன்னு அன்னைக்கே ஒன்கிட்ட சொல்லியிருக்கலாம். ஒன் வூட்டுல டப்பாவுல வச்சதெல்லாம் காய்க்குது, நான் மண்ணுல வச்சுட்டு ஒண்ணும் இல்லன்னு எப்படிச் சொல்றது? ரோசமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் என்ன அண்ணி. சொத்தையைக் குடுத்துட்டீங்கன்னு தெருவுல ஒருத்தர் விடாம சொல்லியிருக்கேன்."

"ஒருத்தர் விடாமலா?"

"கீழ் வீட்டுக்காரர் மட்டும் பாக்கி. அவரு மீன் தண்ணிக்கு அப்புறம் பேசறதில்ல."

அம்மாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருட்டில் இரண்டு பேரும் சிவப்பு நூலைத் தேடித் தேடிக் கட்டினார்கள்.

அதன்பிறகு அம்மாக்கண்ணு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்தாள். மற்ற நாள் பாக்ஸ் டீச்சர் மடியில் வந்தது. தனியாக அனுப்பக்கூடாது என்று ஒருநாளும் சொல்லாதவள் போல அம்மாக்கண்ணு நடந்துகொண்டாள். முதல் காய்கள் பறித்த அன்று, பேச்சுப்படி மாப்பிள்ளை வீட்டை உட்காரவைத்து வெற்றிச்செல்வி புளிக்குழம்பு வைத்தாள். புளி கொஞ்சம் தூக்கல் என்றாள் அம்மாக்கண்ணு. அதைச் சொன்னது மூன்றாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது. கலைச்செல்வன் வரதராஜன்பேட்டை ட்ரிப் முடித்து வந்து பார்த்தபோது சட்டி காலியாக இருந்தது. அக்காவும் மனைவியும் ஒன்றாகச் சேர்ந்து அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார்கள்.

புரட்டாசியில் நல்ல மழை பெய்தது. இலைக் கூட்டத்துக்குள் யார் கண்ணிலும் படாமல் ஒரு காய் பழுத்து, மஞ்சளாகி வெடித்திருந்தது. உள்ளே ரத்தச் சிவப்பில் சதையும் கறுப்பு விதைகளும் தெரிந்தன. அம்மாக்கண்ணு அதைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"இதுல எது ஆணு, எது பொண்ணு?"

"தெரியாது அண்ணி. பூத்தாத்தான் தெரியும். ரத்தம் எடுத்தா பார்க்க முடியும்?"

"எனக்குப் பொண்ணாவே வேணும்."

"ஆண் ஒண்ணு இருக்கணும்ல, இல்லன்னா எப்படிக் காய்க்கும்?"

"அதான் ஒண்ணு இருக்குதே கொல்லையில. அந்த ஒருத்தனுக்குச் சாணி கரைச்சு ஊத்துறது போதும்."

விதைகளைக் கழுவிச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். வெற்றிச்செல்வி அந்த மாதமே ஒரு டப்பாவில் ஊன்றிப் பார்த்தாள். முளைக்கவில்லை. பழுபாகல் விதை முளைக்க அடம்பிடிக்கும் என்று டீச்சர் பஸ்ஸில் யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். கார்த்திகையில் இரண்டு ஊரிலும் கொடிகள் காய்ந்தன. கிழங்குகள் மண்ணுக்குள் தூங்கப் போயின. பூ இல்லாததால் பாக்ஸ் வருவது நின்றது. அம்மாக்கண்ணு வருவது நிற்கவில்லை. மூட்டு வலிக்கு ரத்தம் சோதிக்க வேண்டும் என்று ஒரு நாள் வந்தாள். சோதித்ததைக் காட்ட வேண்டும் என்று இன்னொரு நாள் வந்தாள்.

கோடை மழைக்கு அப்புறம் அரியலூர்க் கொல்லையில் ஒரு விதை முளைத்தது. ஒன்றே ஒன்று. இப்போது அது முருங்கைக் கிளையைத் தொட்டுவிட்டது. இன்னும் பூக்கவில்லை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வெற்றிச்செல்வி ஃபோன் செய்கிறாள்.

"என்னண்ணி, ஏதாச்சும் தெரியுதா?"

"மொட்டு மாதிரி ஒண்ணு இருக்கு. அடியில உருண்டை இருக்குற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. கண்ணாடியைக் காணோம். இரு, சுகன்யாவை எழுப்பறேன்."